மெழுகிடாத தையல்

2023ஆம் ஆண்டின் இலையுதிர்காலம். ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியிலுள்ள தம் தையற்கடையில், வாயில் மூன்று குண்டூசிகளைக் கவ்வியபடி, மணப்பெண்ணின் தோழியொருத்தியின் பாவாடை விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார் றோசலின். கதவு திறந்தது. நெடிய மனிதரொருவர் இரண்டு பலகைகளைத் தோளில் சுமந்து வந்து, வெட்டுமேசைமீது அருகருகே வைத்து, "இவற்றைச் சேர்த்துத் தைக்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஊசிகள் வாயிலிருக்கும்போதே பேசவும் சிரிக்கவும் வாடிக்கையாளரை அதட்டவும் றோசலினால் இயலும். விடயம் பெரிதென்று பட்டால் மட்டுமே அவற்றை எடுத்து, மணிக்கட்டில் கட்டிய பஞ்சுத் திண்டில் குத்துவார். பலகையோரத்துத் துளைகளை விரலால் தடவிப் பார்த்தார். மூன்று ஊசிகளும் திண்டுக்குப் போயின. "கொஞ்சம் பொறுங்கோ," என்றார். எந்த மொழிக்காரர் வந்தாலும் அவர் முதலில் சொல்வது அதுதான்.

வந்தவர் கிசிட்டோ. உகண்டாவில், விக்டோரியா ஏரித் தீவொன்றில் பிறந்த பகண்டா இனத்தவர். ஸ்காபரோவில் சமையலறை அலுமாரிகள் செய்யும் தச்சர். தம் மக்களின் பழைய முறையில் ஒரு வள்ளம் கட்டத் தொடங்கியிருந்தார். அடியில் முழுமரத்தில் செதுக்கிய ஒற்றைக் கட்டை. முன்புறத்தில் அது கழுத்தைப்போல் நீண்டு நிற்கும். இருமருங்கும் பலகைகள். ஆணி கிடையாது, எல்லாவற்றையும் நாரால் தைக்கவேண்டும். உள்ளிருந்து ஒருவர் நாரைத் தள்ள, வெளியிலிருந்து மற்றவர் இழுத்து இறுக்கவேண்டும். மரம் அவருக்கு வசப்பட்டது, தையல் வசப்படவில்லை.

"சட்டை தைக்கிற உமக்கு வள்ளம் என்னத்துக்கு? சட்டைக்குப்போல இழுத்துப் பூட்டுற சிப்பும் வைக்கப் போறீரோ?" என்று கேட்டார் கணவர் கிறிஸ்துநாயகம்.

"வைச்சால் நீர்தான் முதல் ஏறவேணும். உம்மட உடம்புக்கு எக்ஸ்ட்ரா லார்ஜ் அளவில தைக்கிறன்," என்றார் றோசலின், ஊசிகளுக்கிடையே.

அந்தக் குளிர்காலம் முழுவதும், ஞாயிறு பூசை முடிந்ததும் பிக்கரிங் ஏரிக்கரையிலுள்ள சிறிய படகுக் கழகத்தின் கொட்டகைக்குச் சென்றார். பூக்கடையில் பூங்கொத்துக் கட்டும் றாஃபியா நாரை வாங்கி, தயிர் தீர்ந்த பெரிய யோகட் வாளியில் ஊறவைத்து, திரித்து எடுத்துவருவார். கழுத்தில் அளவுநாடா தொங்கும்; அளப்பதோ விரற்கடையால். ஒவ்வொரு தையலையும் இறுக்கியபின் நகத்தால் சுண்டிக் காதுகொடுத்துக் கேட்பார். ஓசை மந்தமாயிருந்தால் பிரித்துவிடுவார். கிசிட்டோவுக்குத் தமிழ் விளங்குமென்ற துணிவில் அவரோடு தமிழிலேயே பேசுவார். அவர் ஆங்கிலத்தில் விடையளிப்பார். இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

கொட்டகையின் பொறுப்பாளர் றொனால்ட், மன்னாரைச் சேர்ந்தவர், ஒரு தவணை விதித்திருந்தார். "அன்ரி, யூன் ரெண்டாம் சனிக்கிழமை உந்த வள்ளம் ஏரியில மிதக்கிற மஞ்சள் போயாவைச் சுத்தி வரவேணும். இல்லையெண்டால் இடத்தை விடவேணும். வேற ஆக்கள் வெயிற் பண்ணுகினம்." வேறிடத்துக்குக் கொண்டுபோக வழியில்லை. கிசிட்டோ குடியிருந்தது பதினேழாம் மாடியில். பதினான்கடி வள்ளம் அறுபட்டு விறகாகத்தான் வெளியேறியிருக்கும்.

மே மாதத்தில் முதன்முறை இறக்கினார்கள். முழங்கால் ஆழத்திலேயே வள்ளம் நிரம்பி அமிழ்ந்தது. கிசிட்டோ தாம் இழைத்த பலகைகளைக் குறை சொல்லிக்கொண்டு கரையில் அமர்ந்தார். றோசலின் மட்டும், கரையில் இழுத்துவிட்ட வள்ளத்தின் தையலோரமாக நனைந்த உடையோடு நடந்தார். உள்ளே நிறைந்த நீர் துளைகள்தோறும் மணிமணியாகக் கசிந்தது. ஆனால் பின்முனையில், கடைசிப் பதினொரு தையல்களில், ஒரு துளியும் இல்லை.

அந்தப் பதினொன்றையும் தைத்த நாளில் அவரிடம் மெழுகு தீர்ந்திருந்தது. பொத்தான் நூலுக்குப் பூசுவதைப்போலவே, துளைக்குள் வழுக்கிச் செல்லட்டுமென்று, கோவிலில் எஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை நாருக்கும் தேய்த்துவந்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மெழுகு பூசிய நார் நீரைக் குடிக்கவில்லை. குடித்துப் பருத்துத் துளையை அடைக்கவுமில்லை.

சொல்லாமலே விட்டிருக்கலாம், கிசிட்டோ பலகையைத்தான் நொந்துகொண்டிருந்தார். றோசலின் மணிக்கட்டுத் திண்டிலிருந்த ஊசிகள் அத்தனையையும் பிடுங்கி மறுபடியும் குத்திவிட்டு, அவர் முன்னால் வந்து நின்றார்.

"பலகையில பிழையில்லை, அண்ணை. நான்தான் மெழுகு பூசிக் கெடுத்தனான். மொத்தம் முந்நூற்றி நாப்பது தையல். பின்முனையில மெழுகு படாத பதினொண்டும் சரி. மிச்சம் முழுக்க அவிழ்க்கவேணும்."

கிசிட்டோ எழுந்து வந்து அந்தப் பதினொன்றையும் தடவிப் பார்த்தார். பிறகு, "பதினொன்று மிச்சப்பட்டது," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்து, தையல் பிரிக்கக் குறடொன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

திருமணப் பருவம் அது. கடைக் கதவில் 'ஞாயிறும் திங்களும் பூட்டு' என்றொரு தாள் தொங்கியது. பிரித்த நாரையெல்லாம் குப்பையிலிட்டு, மெழுகு தொடாத புது நாரால் மறுபடியும் தைத்தார்கள். துளைகளில் நார் சிக்கியது. றோசலினின் விரல்கள் வெடித்தன. பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு பாவாடைகளையும் மடித்தார். கிறிஸ்துநாயகம் சிப்பைப்பற்றிப் பிறகு பேசவில்லை. ஞாயிறுதோறும் தேநீர்க் குடுவையோடு கொட்டகை வாசலில் காத்திருந்தார்.

யூன் இரண்டாம் சனிக்கிழமை. முதல்நாளே வள்ளத்தை ஆழமற்ற நீரில் ஊறவைத்திருந்தார்கள். யோகட் வாளியால் நீரை இறைத்துக் கொட்டி, வாளியைத் துறையில் வைத்துவிட்டு, கிசிட்டோ பின்னால் துடுப்போடு அமர, றோசலின் காற்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டிக்கொண்டு நடுவில் ஏறினார். வள்ளம் அசைந்தது, நிமிர்ந்தது, மிதந்தது. இரண்டு வள்ளத்தளவு தூரம் போனதும் முன்புறக் கட்டையருகே நீர் மெல்ல ஊறியது.

"அன்ரி, தண்ணி வருது! இறங்குங்கோ!" என்று தோணித்துறையின் நுனியிலிருந்து கத்தினார் றொனால்ட்.

"கொஞ்சம் பொறுங்கோ!" என்று தமிழில் பதில் வந்தது. சொன்னவர் கிசிட்டோ. பின்பு அவர் ஆங்கிலத்தில் விளக்கினார்: தம் மக்களின் வள்ளத்தில் நீர் இறைப்பதற்கென்றே ஓராள் இருப்பாராம்.

றோசலின் குனிந்து, தையல்மீது உள்ளங்கையை வைத்து நகர்த்தினார். நார் பருத்துத் துளைகளில் இறுகியிருந்தது. ஓரிடத்தில் நகத்தால் சுண்டிக் கேட்டார். அடியில் நீர் இரண்டு விரற்கடையளவு. மஞ்சள் மிதவைக்கு இன்னும் நூறடி. கிசிட்டோ வள்ளத்தைத் துறையோரமாக ஒதுக்கினார். றோசலின் மிதவையிலிருந்து கண்ணை எடுக்காமலே வலக்கையைக் கரைப்பக்கம் நீட்டினார்.

"தம்பி, உந்தக் கூப்பாட்டை விட்டிட்டு, அந்த யோகட் வாளியை எடுத்துத் தாரும்."