பிரேக்கை மிதிச்சது யாரு

பேய்க் கதை பேசுற எடத்துல நான் உட்காரவே மாட்டேன் சார், எழுந்து போயிடுவேன். துவாக்குடியில ஒரு பட்டறையில சூப்பர்வைசர் வேலை எனக்கு. ஒரு இரும்பு வளையலைன்னா ஏன் வளையலைன்னு காரணம் இருக்கும், தேடினா கிடைக்கும், அந்த மாதிரி புத்தியோடயே வாழ்ந்தவன். அதனால இதை நான் சொல்றப்ப நீங்க சிரிச்சா தப்பா நினைக்க மாட்டேன். நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்.

எங்க வீடு ஸ்ரீரங்கத்துல, அம்மாமண்டபம் ரோட்டுலேர்ந்து உள்ள போற ஒரு தெருவுல. வீட்டுல நானும் என் சம்சாரம் விஜயாவும்தான். ஒரே பையன் கார்த்தி, கனடாவுல இருக்கான். அங்கயே ஒரு பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிட்டான், எங்ககிட்ட சொல்லாம. எங்ககிட்டன்னு சொல்றேன் பாருங்க, என்கிட்ட. இவளுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும். போட்டோ எல்லாம் பாத்திருக்கா, அந்தப் பொண்ணோட வீடியோவுல பேசியிருக்கா, நான் பக்கத்து ரூம்ல நியூஸ் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். வேற யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து நான் அவகிட்ட பேசுறதை நிறுத்திட்டேன், அவளும் நிறுத்திட்டா. ஒண்ணரை வருஷம் சார், ஒரே வீட்டுல. தண்ணி வந்துருச்சுன்னு சுவத்தைப் பாத்து சொல்லுவா. கேஸ் தீந்துபோச்சுன்னு ஃபிரிட்ஜைப் பாத்து சொல்லுவா. நானும் பதிலை ஃபேனைப் பாத்துதான் சொல்லுவேன்.

போன சித்திரையில ஒரு நாள் காரை எடுத்துக்கிட்டு மண்ணச்சநல்லூர் வரைக்கும் போயிட்டு வந்தேன். பழைய வண்டி. வரப்ப இடது பக்கமா இழுக்குது, கருகுற வாடை வேற. வீட்டுல வந்து இறங்கி இடது பக்கம் முன் சக்கரத்துக்கிட்ட கையைக் கொண்டுபோனா அடுப்பு மாதிரி அனலா அடிக்குது. பிரேக் காலிப்பர் பிஸ்டன் மாட்டிக்கிட்டிருக்கு. அதாவது நாம பிரேக்கை மிதிச்சா ஒரு சின்ன உருளை முன்னால வந்து பிரேக் பேடைச் சக்கரத்துத் தட்டுல அமுக்கும், விட்டா பின்னால போகணும், இது போகலை, துருப்பிடிச்சு நின்னுருச்சு. மெக்கானிக்கிட்ட விட மனசில்லை, நானே பாத்துக்கலாம்னு மறுநாள் பாலக்கரைக்குப் போய் பிஸ்டனுக்குப் போடுற ரப்பர் வளையம், சீல் கிட், வாங்கிட்டு வந்தேன். வரப்போ டேபிள்ல சாப்பாடு மூடி வச்சிருந்தது. அவ உள் ரூம்ல படுத்திருப்பான்னு நினைச்சேன். பேச்சு இல்லாத வீட்டுல யாரு உள்ள இருக்கா, யாரு வெளியே போனா, ஒண்ணும் தெரியாது சார்.

சாப்பிட்டுட்டு வாசல்ல வண்டிகிட்ட வேலையை ஆரம்பிச்சேன். நல்ல பட்டப்பகல், தெருவுல ஒரு நாய்கூட இல்லை, அப்படி வெயில். ஜாக் போட்டு, பயத்துக்கு ஸ்டெப்னியை அடியில தள்ளி வச்சுட்டு, சக்கரத்தைக் கழட்டி, காலிப்பரை எடுத்து கம்பியில தொங்க விட்டேன். பிஸ்டனை வெளியே எடுத்தாத்தான் துருவைத் தேய்க்க முடியும். பிளேயர்ல பிடிச்சுத் திருப்பிப் பாத்தேன், தட்டிப் பாத்தேன், அசையலை. இதுக்கு ஒரே வழி, ஒருத்தர் உள்ள உட்காந்து பிரேக்கை மிதிக்கணும், ஆயிலோட அழுத்தமே பிஸ்டனை வெளியே தள்ளிடும். ரெண்டு பேர் வேலை. நான் ஒருத்தன்.

எப்பவும்போல சக்கரத்தைப் பாத்துக்கிட்டே சொன்னேன், "யாராச்சும் பிரேக்கை மிதிச்சா தேவலை."

அப்புறம் டிரைவர் பக்கம் கதவு திறக்குற சத்தம். வண்டி லேசா ஆடுச்சு. கதவு சாத்துற சத்தம்.

விஜயா வந்துட்டா பாருன்னு நினைச்சுக்கிட்டேன். நான் இந்தப் பக்கம் தரையில உட்காந்திருக்கேன், நடுவுல பானெட் மறைக்குது, எழுந்து எட்டிப் பாத்திருக்கலாம்தான். பாக்கலை. பாத்தா இறங்கிப் போயிடுவாளோன்னு ஒரு பயம், நம்புங்க.

"மிதி"ன்னேன். பிரேக் ஆயில் போற ரப்பர் ஹோஸ் விறைச்சுது. "விடு"ன்னேன். தளர்ந்துது. மறுபடி மிதி, மறுபடி விடு. சொன்ன நிமிஷத்துக்கு நடக்குது. பிஸ்டன் மட்டும் அசையலை. நடுவுல நடுவுல நான் பேச ஆரம்பிச்சேன். முதல்ல வண்டியைப் பத்தி, அப்புறம் வெயிலைப் பத்தி, அப்புறம் கார்த்தி. "நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல, நான் என்ன கொலையா பண்ணிடுவேன்"னு கேட்டேன். மிதின்னேன், மிதிச்சுது. ஒண்ணரை வருஷமா சொல்லாம வச்சிருந்ததெல்லாம் வந்துது சார், நிறுத்த முடியலை. அவன் படிப்புக்கு நான் ஓடின ஓட்டம், அவன் கல்யாணத்தன்னிக்கு ஒண்ணும் தெரியாம நான் பட்டறையில எவன் கூடவோ சண்டை போட்டுக்கிட்டு இருந்தது, எல்லாம். கடைசியில சொன்னேன், "எனக்குப் பையனே பொறக்கலைன்னு நினைச்சுக்கறேன். இனிமே அவன் இந்தப் படி ஏற வேண்டாம்."

மிதின்னு நான் சொல்லலை சார். சத்தியமா சொல்லலை. ஹோஸ் விறைச்சுது, பிஸ்டன் டப்புன்னு வெளியே வந்து நான் குறுக்க வச்சிருந்த மரக்கட்டையில அடிச்சுது, பிரேக் ஆயில் என் கை, சட்டை எல்லாம் பீச்சியடிச்சுது. "போதும் போதும், விடு"ன்னு கத்திக்கிட்டே எழுந்தேன். உள்ள யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது.

அவ வீட்டுக்குள்ள போயிட்டான்னு நினைச்சுக்கிட்டேன். கார் கதவுச் சத்தம் கேக்கலையேன்னுகூட அப்ப தோணலை. கை கழுவிட்டு, இதையும் நீங்க நம்ப மாட்டீங்க, ரெண்டு டம்ளர்ல காபி போட்டேன். உள் ரூம்ல எட்டிப் பாத்தா அவ இல்லை. மாடியில இல்லை. என் காபியைக் குடிச்சேன், அவ காபி ஆறி ஆடை கட்டிருச்சு. பொழுது சாயுறப்ப கேட் திறக்குது, விஜயா கையில பையோட வர்றா, தலையில பூ.

"பஸ்ல நிக்கக்கூட எடமில்லை"ன்னு செருப்பு ஸ்டாண்டைப் பாத்து சொன்னா.

"எங்க போன?" நானே நேரா அவ முகத்தைப் பாத்துக் கேட்டேன்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. "திருவெள்ளறைக்கு. அக்கா பேத்திக்குக் காது குத்து. காலையிலேயே போயிட்டேன்."

நான் நம்பலை. அவளே போனை எடுத்துக் காட்டினா. பந்தியில உட்காந்திருக்கா, கொழந்தையை மடியில வச்சிருக்கா, எல்லாப் போட்டோலயும் இருக்கா. அவ அக்காவுக்கு போன் போட்டும் கேட்டேன், இங்கேயேதான் இருந்தாங்கறா.

நடந்ததைச் சொன்னேன். நின்னுக்கிட்டே கேட்டா. பயப்படுவான்னு பாத்தேன், பயப்படலை. "எவ்வளவு நேரம் பேசினீங்க?"ன்னா.

"ரொம்ப நேரம்."

"என்ன பேசினீங்க?"

அங்க அவ்வளவு சுலபமா வந்தது, அவ முகத்தைப் பாத்து ஒரு வரி வரலை.

"ஒண்ணரை வருஷமா ஒரு வார்த்தைக்கு நான் காத்துக்கிட்டு இருக்கேன். யாருன்னே தெரியாத ஒண்ணுகிட்ட எல்லாத்தையும் கொட்டியாச்சு. அது திருப்பி ஒண்ணும் கேக்காதுல்ல, அதான் வசதியா இருந்திருக்கும்." பையை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

பட்டறையில ஒரு பையன் சொன்னான், பிரேக் ஆயில் லைன்ல அழுத்தம் தங்கியிருந்து தானா தள்ளியிருக்கும்னு. ஒரு தடவை தள்ளும், சரி. நான் மிதின்னா விறைச்சு, விடுன்னா தளருமா?

மறுநாள் பிஸ்டனைத் தேய்ச்சு, புது சீல் போட்டு மாட்டினேன். லைன்ல இருக்குற காத்தை எடுக்கணும், அதுக்கும் ஒருத்தர் மிதிக்கணும். சமையல் ரூம் வாசல்ல போய் நின்னு, "வந்து மிதிக்கிறியா"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு வந்தா.

"மிதிக்கிறேன். பேச்செல்லாம் வேண்டாம்"னா.

கதவைத் திறந்து உட்காரப் போனவ, ஒரு காலை உள்ள வச்சுட்டு அப்படியே நின்னுட்டா. "சீட்டை யாரு இவ்வளவு முன்னால தள்ளினது?"

நான் உயரம். எனக்கு சீட்டு எப்பவும் கடைசி வரைக்கும் பின்னால இருக்கும், காலிப்பரைக் கழட்டினதுலேர்ந்து நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. போய்ப் பாத்தேன். முன்னால போக முடிஞ்ச வரைக்கும் போயிருந்தது. அவ அப்படியே உள்ள நுழைஞ்சு உட்காந்து பாத்தா. முட்டி ரெண்டும் ஸ்டியரிங்குக்குக் கீழே இடிச்சுது, காலை மடக்கக்கூட முடியலை. என்னை ஒரு பார்வை பாத்தா. சீட்டைப் பின்னால தள்ளிட்டு, நான் சொன்னப்ப மிதிச்சா, சொன்னப்ப விட்டா, வேலை முடிஞ்சதும் இறங்கிப் போயிட்டா. அதுலேர்ந்து அவ சுவத்தோடகூட பேசுறதில்லை.

பிரேக் நல்லா இருக்கு, இன்னிக்கு வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. ஆனா அந்த எடத்துல உட்காந்து பெடலை மிதிக்கணும்னா அது எவ்வளவு சின்னக் காலா இருக்கணும் சொல்லுங்க. அந்தக் காலை வச்சுக்கிட்டு உட்காந்திருந்தது, நான் சொன்னது ஒண்ணு விடாம, பையனே பொறக்கலைன்னு சொன்னது உள்பட, கேட்டுச்சு சார்.