அசைந்தால்தான் அசையும் கொக்கு

மைசூரில் சிற்பம் படிக்கும் மேதா, தேர்வுக்காகத் தகரக் கொக்கு ஒன்று செய்திருந்தாள். எதிரே யாராவது அசைந்தால் சென்சார் கண்டுகொள்ளும், மோட்டார் இறக்கையை விரிக்கும். ஆனால் தேர்வாளர் வந்ததும் கோயிலில் நிற்பதுபோல் கைகட்டி நின்றுவிட்டார். கொக்கும் நின்றது.

"என்னம்மா, ரிப்பேரா?" என்று கன்னடத்தில் கேட்டார்.

கையை ஆட்டிக் காட்டினால் போதும். மதிப்பெண் போய்விடும் என்ற பயத்தில் மேதாவுக்கு அதுவும் தோன்றவில்லை.

அப்போது அவள் அம்மா உமாதேவி சாப்பாட்டுப் பையை வீசிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். "சுட்ட தோசையை அப்படியே வச்சுட்டு ஓடியாந்துட்டியேடி!"

கொக்கு படாரென்று இறக்கை விரித்தது. தேர்வாளர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். மறுபடி விரித்தது. சிரித்தபடி தலையை ஆட்டிப் பார்த்தார்.

மேதா கொக்கை விட்டுவிட்டு அவரையே கவனித்தாள். இயந்திரத்தை அசைக்க ஒரு மோட்டார் போதும். கலைக்கு முன்னால் விறைத்து நிற்கும் மனிதரை அசைக்க எது வேண்டும்?

"சார், கொஞ்சம் குதிச்சுப் பாருங்களேன்," என்றாள்.