நான்காம் ஆண்டு விதைப்பு

1997 ஏப்ரல் 14, திங்கட்கிழமை. லண்டன் மனோர் பார்க்கில் ரயிலேறி, வழக்கம்போல் எல்லோருக்கும் முன்பாகக் கல்லூரி ஆய்வுகூடத்துக்கு வந்தேன். மொட்டைமாடிக் கண்ணாடி வீட்டின் வெப்பநிலையைக் குறித்தேன். மண் தொட்டிகளுக்குத் தண்ணீர் விட்டேன். அன்று ஹெம்ப் விதைக்க வேண்டிய நாள்.

ஹெம்ப் கஞ்சாவின் இனம். போதை இல்லாதது, உரிமம் பெற்று நாருக்காக வளர்ப்பது. அதன் வேரை உதறினாலும் விழாமல் ஒட்டியிருக்கும் மண்ணில் வாழும் பாக்டீரியாக்களைக் கவனிப்பதே என் வேலை. வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று, மண்ணில் இறுகிக் கிடக்கும் பொஸ்பரஸைக் கரைத்துக் கொடுப்பவை. முதலாண்டு ஹெம்ப், பிறகு கோதுமை, பிறகு அவரை என்று அதே தொட்டிகளில் மாற்றி விதைத்தோம். கோதுமையில் அவை குறைந்தன, அவரையில் இன்னும் குறைந்தன; அழியவில்லை. மறுபடி ஹெம்ப் வந்தால் பெருகுமா? என் விவசாயப் பட்டத்தை ஒருவரும் மதிக்காத இந்த ஊரில், நானே எழுப்பிய கேள்வி அது ஒன்றுதான்.

பத்து மணிக்குத் துறைத் தலைவர் வந்தார். உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை, மூன்று ஆண்டு விவரமே கட்டுரைக்குப் போதும் என்றார். "மண் எங்கே ஓடிவிடப் போகிறது? பிறகு செய்யலாம்" என்று ஆறுதலும் சொன்னார். அடுத்த மூச்சில், மாலைக்குள் எல்லா மண்ணையும் நீராவிக் கலனில் வைத்துக் கிருமி நீக்கிவிடச் சொன்னார். நான் "யெஸ், சேர்" என்றேன். அந்தக் கட்டடத்தில் அவரை சேர் என்று அழைத்தவன் நான் ஒருவனே.

தள்ளுவண்டி கொண்டுவந்த போர்ட்டர் எங்கள் யாழ்ப்பாணத்து ஆள்.

"என்ன அண்ணை, கஞ்சாத் தோட்டத்தைப் பூட்டியாச்சோ?"

"கஞ்சா இல்லையெண்டு எத்தினை தரம் சொல்லுறது? மண்ணெல்லாத்தையும் அவிக்கட்டாம்."

"புட்டு மாதிரியோ? தேங்காய்ப்பூ கொண்டு வரட்டே?"

"பகிடி விடாதை. அது உயிரோடை இருக்கிற மண்."

"அப்ப ஒரு வாளி வீட்டை கொண்டு போங்கோவன். ஆர் கேக்கப் போறாங்கள்?"

"கொண்டு போய்? ஹெம்ப் விதைக்க உரிமம் வேணும். அது இல்லாமல் அந்த மண்ணாலை ஒண்டும் செய்ய ஏலாது."

தொட்டிகளைக் கவிழ்த்துப் பைகளில் கட்டினோம். கலன் சூடேறியபோது மழை பெய்த வயலின் வாசனை வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய், வெந்த கிழங்கு நாற்றம் மிஞ்சியது.

மறுநாள் காலை முதல் வேலையாக, அவித்த மண்ணில் ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கிருமி இருந்தால் வளர்ந்து காட்டும் அகார் தட்டில் பரப்பி வைத்தேன். அதில் எதுவும் உயிரோடு இல்லை என்று நான்தான் உறுதிப்படுத்திக் கையெழுத்திட வேண்டும், விதி அப்படி.