தங்கராசு போட்ட கவுண்டர்

சனிக்கிழமை காலை டூட்டிக்குக் கிளம்பும்போது ஃபோர்மேன் போன் செய்தார். "சார், லீவுல ஊருக்குப் போன நம்ம தங்கராசு தவறிட்டாரு. நெஞ்சு வலியாம். நீங்கதான் அவருக்கு ரொம்ப வேண்டியவரு. ரெண்டு வார்த்தை எழுதிக் குடுங்க, மெஸ்ல ஒட்டணும்." வேண்டியவன் என்ற சொல் என்னைச் சுட்டது. ஏன் என்பது ஷார்ஜா பட்டறையில் அவரோடு வேலை பார்த்த உங்களில் யாருக்கும் தெரியாது.

கண்காட்சி அரங்குகளுக்கு நான் வரைபடம் போடுவேன். அவர் மரத்தில் கட்டுவார். வீடியோ கேம் கண்காட்சி வந்தால் மனிதருக்குத் தலைகால் புரியாது. கேம் பெட்டி வைக்கும் கவுண்டர் மேசையை முடித்ததும் தானே ஒரு ஆட்டம் ஆடிப் பார்ப்பார். கேட்டால், "விளையாடுறவன் கையை ஊனி அமுக்குவான் சார். ஆடிப் பாக்காம எப்படி விடுறது?" என்பார். கேம் அண்ணன் என்று நீங்கள் கேலி செய்ததெல்லாம் அவருக்குப் பெருமைதான்.

ஒரு வருடம், கவுண்டர் ஏதும் பழுதானால் பார்க்க அவரைக் கண்காட்சி முடியும்வரை அங்கேயே நிறுத்தியிருந்தோம். ஆள் குறைந்த நேரத்தில், கந்தூரா என்கிற வெள்ளை அங்கி போட்ட ஓர் அரபி இவரைக் கூப்பிட்டு கார் பந்தயம் ஆடியிருக்கிறார். இவர் தோற்றுவிட்டார். அந்த மனிதர் கைகுலுக்கிப் பெயர் கேட்டு, "யல்லா, வா, இன்னொரு ஆட்டம்" என்றாராம். இதே கேம் வீட்டில் இருக்கும்போது ஜனங்கள் ஏன் இங்கே வந்து முண்டியடிக்கிறார்கள் என்று கேட்டேன். "வீட்ல ஜெயிச்சா யாரு சார் பாக்குறா? இங்க தோத்தாக்கூட பக்கத்துல நிக்கிறவன் தோளைத் தட்டுறான்" என்றார். வந்து பன்னிரண்டு வருடத்தில், வாசலில் கேட் பாஸ் எழுதுவதற்கு அல்லாமல் யாரும் அவர் பெயரைக் கேட்டதில்லையாம்.

அடுத்த வருடம் அதே கண்காட்சிக்குச் சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி, இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அன்று வெள்ளிக்கிழமை. "ஃபேமிலி ஒன்லி. பேச்சிலர் மாஃபி" என்று, தனி ஆளுக்கு அனுமதி இல்லையென வாசலில் காவலாளி தடுத்துவிட்டான். ஊரில் மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கும் மனிதர் இங்கே பேச்சிலர்! எந்த ஊர் நியாயம் இது?

அப்போதுதான் என் மனைவியோடு நான் போய்ச் சேர்ந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் சிரிப்பு. "சார்!" என்றார். உங்களோடு வந்தவரா என்று காவலாளி இந்தியில் என்னிடம் கேட்டான். என் அண்ணன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டிருப்பான். பக்கத்தில் எங்கள் கம்பெனிக்கு வேலை தரும் கனவான் நின்றிருந்தார். "நஹி. கம்பெனி கா ஆத்மி" என்றேன். கம்பெனி ஆள். இத்தனை வருடம் பழகிய மனிதருக்கு நான் தந்த உறவு அவ்வளவுதான்.

"பரவால்ல சார், நீங்க போங்க. நம்ம கவுண்டர் ஆடுதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க" என்றார்.

நான் அந்தப் பக்கமே போகவில்லை. மறுநாள் பட்டறையில், "ஆடுச்சா சார்?" என்று கேட்டார். "இல்ல, கல்லு மாதிரி நிக்குது" என்றேன். திருப்தியாகத் தலையாட்டினார். அதன்பின் அந்தக் கண்காட்சி வேலைக்கு மட்டும் அவர் பெயர் கொடுக்கவேயில்லை. முதுகு வலி என்றார். நீங்கள் நம்பினீர்கள், நானும் நம்பியதுபோல் இருந்துகொண்டேன்.

மெஸ்ஸில் ஒட்டுவதானால் இதையே ஒட்டுங்கள். அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்த வாசலில் அவர் சிரித்த சிரிப்பு. நான் வாயைத் திறக்கும்வரை அது அவர் முகத்தில் இருந்தது.