மகாலுக்குள் பராமரிப்பு வேலை

போன ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டைக்குள், ஒரு போர்டுக்கு முன்னால் நின்று நான் அழாத குறை. என் தோளில் கிடந்த ஆதிரை அந்தக் குறையும் வைக்கவில்லை. அழுதே விட்டாள்.

ஆதிரைக்கு ஐந்து மாதம். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப் போகலாமா? வெயில் ஒத்துக்கொள்ளுமா? குரங்கு வந்தால்? முதல் நாளே பத்து தடவை யோசித்துவிட்டேன். ஆனால் கணவரின் ஹாஸ்டல் நண்பர் சென்னையிலிருந்து காரில் வந்திருக்கிறார். செஞ்சியில் குடியிருந்துகொண்டு கோட்டையைக் காட்டாமல் அனுப்பினால் நன்றாகவா இருக்கும்?

உள்ளே போனதும் ஆண்கள் இருவரும் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்தார்கள்.

“நீ இங்கே கல்யாண மகால்கிட்ட நிழலா உட்காரு. பாதி வரைக்கும் ஏறிட்டு உடனே வந்துடறோம்” என்றார் கணவர்.

மலையேறும் ஆண்களுக்கு இந்தப் ‘பாதி’ எங்கே இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

அவர்கள் தலை மறைந்த கொஞ்ச நேரத்தில் ஆதிரைக்குப் பசி வந்துவிட்டது. கிளம்பும்போதுதானே கொடுத்தேன்... சரியாகக் குடிக்கவில்லையோ? நான்தான் அவசரப்படுத்திவிட்டேனோ? காரில் உட்கார்ந்து கொடுக்கலாம் என்றால், சாவி நண்பரின் சட்டைப் பையில். அதுவும் சேர்ந்து மலையேறிக்கொண்டிருந்தது.

கல்யாண மகால் என்பது ராணிகள் இருந்த வீடு என்கிறார்கள். நடுவில் முற்றம், அதில் அடுக்கடுக்காக ஒரு கோபுரம், சுற்றிலும் அறைகள். அந்த வீட்டுக்கு வெளியே, சிப்பாய்கள் தங்கிய வளைவு வளைவான அறைகள் வரிசையாக நிற்கின்றன. சிப்பாய்களும் இல்லை, ராணிகளும் இல்லை. இப்போது எல்லாமே பாதுகாக்கப்பட்ட சின்னம். அதைச் சொல்லத்தான் அந்த போர்டு. கிறுக்கக் கூடாது, ஏறக் கூடாது, சமைக்கக் கூடாது... உள்ளே உணவு உண்ணக் கூடாது.

உணவு!

சிரிக்காதீர்கள். தாய்ப்பால் உணவுதானே? ஆஸ்பத்திரியில் ஒட்டியிருந்த சுவரொட்டியில் அப்படித்தான் போட்டிருந்தது. நாளைக்கு யாராவது, “படிச்ச பொண்ணு, போர்டைப் பாக்கலையா?” என்று கேட்டால்?

ஆதிரையின் அழுகை மலை வரைக்கும் கேட்டிருக்கும். மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்த ஒரு குடும்பம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையில்தான் எனக்குத் தைரியம் வந்தது. நேராக மகால் வாசலில் காவலுக்கு நின்ற அக்காவிடம் போனேன். காக்கிச் சட்டை, கையில் குரங்கு விரட்டும் குச்சி.

“அக்கா... உள்ளே சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கு...”

“ஆமா, கூடாது. இன்னா கொணாந்திருக்க? எடு வெளிய.”

“ஒண்ணும் கொண்டு வரலைக்கா. பாப்பாவுக்குப் பால்...”

“பாட்டிலா?”

“இல்லக்கா.”

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். பிறகு குச்சியைக் கீழே ஊன்றிக்கொண்டு சிரித்தார் பாருங்கள்!

“ஏம்மா, அத வாசல் கேட்டுல உட்டுட்டு வான்னு சொல்ல முடியுமா? இதுக்கா பர்மிசன் கேக்குற? புள்ள கத்திக் கத்தி செவந்து போச்சு பாரு!”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அசட்டுச் சிரிப்போடு சிப்பாய் அறைகள் பக்கம் நடந்தேன்.

“அங்க போவாத, வவ்வாலு நாத்தம் குடலப் புடுங்கும். மகாலுக்குள்ள போய் உக்காரு. பொம்பளைங்களுக்குக் கட்ன வூடுதான அது? நான் இங்க நிக்கிறேன்.”

உள்ளே கல் சில்லென்று இருந்தது. ஒரு மூலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆதிரை உடனே குடித்தாளா? இல்லை. அழுத வேகத்தில் மூச்சு முட்டி, வாயை வாயைத் திருப்பினாள். கிளி கத்தினால் கிளியைத் தேடினாள். பால் இறங்கவில்லையோ என்று எனக்கு ஒரு பக்கம் பயம். ஆனால் வாசலில் யாராவது வந்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் இல்லை. அது எனக்கே புதிது. மெல்ல மெல்ல அவள் குடிக்க ஆரம்பித்தாள்.

அந்தக் காலத்து ராணிகளும் இப்படி ஒரு மூலை தேடியிருப்பார்களா? வெளியே அத்தனை ஆண்கள் வேலோடும் வாளோடும் நிற்கும்போது, குழந்தை இன்னும் குடிக்கவில்லையே என்று உள்ளே ஒருத்தி தவித்திருக்க மாட்டாளா?

வாசலில் பையன்கள் குரல் கேட்டது.

“அக்கா, ஒரே ஒரு ரீல்ஸ் எடுத்துக்கிறோம்க்கா.”

“இப்ப போவ முடியாது. உள்ள வேலை நடக்குது.”

“இன்னா வேலைக்கா?”

“பராமரிப்பு வேலை.”

“எப்பக்கா முடியும்?”

அக்கா உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். “இன்னும் எவ்ளோ நேரம் ஆவும்மா?”

“இன்னொரு பக்கம் பாக்கி இருக்குதுக்கா!” என்றேன். இப்படிச் சத்தமாகப் பதில் சொன்னது நான்தானா?

“கேட்டீங்க இல்ல? ஒரு பக்கந்தான் முடிஞ்சிருக்குதாம். யானைக் குளத்தைப் பாத்துட்டு வாங்க, போங்க.”

பையன்கள் போய்விட்டார்கள். ஆதிரையும் மறுபக்கத்துக்கு மாறி நிதானமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க இன்னொரு குரல் கேட்டது. என் கணவர். நண்பரைப் பின்னால் விட்டுவிட்டு வந்திருக்கிறார் போல.

“உள்ள போவக்கூடாது சார்.”

“இல்லைங்க... என் சம்சாரமும் குழந்தையும் உள்ளே இருக்காங்க.”

“தெரியும். அதனாலதான் நான் இங்க நிக்கிறேன். நீங்க இம்மா நேரம் எங்க நின்னீங்க?”

தூணின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருக்க, அக்காவுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்றிருந்தார்.

‘அவரை விடுங்கக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வழக்கமான நானாக இருந்தால், குழந்தையைப் பாதியில் எடுத்துவிட்டு ஓடியே போயிருப்பேன். ஆனால் ஆதிரைக்கு அப்போதுதான் கண் சொக்க ஆரம்பித்திருந்தது.

நிற்கட்டுமே... காவலுக்கு இரண்டு பேர் இருந்தால் நல்லதுதானே!