பாட்டு நிற்காத வீடு

யோகேஸ்வரி வீட்டில் விடிந்ததும் வானொலி பாட ஆரம்பித்துவிடும். கணவர் திருச்செல்வம் போய்ச் சேர்ந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. துக்க வீட்டில் பாட்டு என்ன வேண்டிக்கிடக்கிறது என்று தாமான் குடியிருப்பில் முணுமுணுத்தார்கள். முணுமுணுப்பவர்களுக்கு வேறு என்ன வேலை? பாட்டைப் போடுவது மகள் லோஷினி. எழுந்ததும், முகம் கழுவுவதற்கு முன்னால், அவள் கை வானொலிக்குத்தான் போகும். அம்மா அணைப்பாள். மகள் பேசாமல் வந்து மறுபடியும் போடுவாள்.

“நாலு பேரு என்ன பேசுவாங்கன்னு ஒனக்குக் கவலையே இல்லையாடி?”

“பேசட்டும்மா.”

அதற்கு மேல் அதட்ட யோகேஸ்வரிக்கு வாய் வராது. மகளை அதட்டும் உரிமை தனக்குப் போய்விட்டது என்றே அவள் நினைத்திருந்தாள்.

திருச்செல்வம் கூலாய் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். சிறுநீரகம் கெட்டுப்போய், கடைசியில் மருத்துவமனையிலேயே படுத்துவிட்டார். மகள் பள்ளி இறுதிப் பரீட்சையான எஸ்.பி.எம். எழுதிக்கொண்டிருந்த நேரம் அது. “நாளைக்கு செஜாராதானே? பயப்படாம எழுதச் சொல்லு” என்று துணைக்கு இருந்த யோகேஸ்வரியிடம் சொன்னார். அவர் தெளிவாகப் பேசியது அதுதான் கடைசி. விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

செஜாரா என்றால் வரலாற்றுப் பாடம். அதில் தவறினால், மற்றதில் எத்தனை ஏ வாங்கினாலும் சான்றிதழே கிடையாது. அழுவதற்கு முன்னால் யோகேஸ்வரிக்கு அந்த நினைப்புத்தான் வந்தது. மகளுக்குத் துணையாக வீட்டில் படுத்திருந்த பக்கத்து வீட்டு ராஜம்மாவுக்குப் போன் போட்டாள். பள்ளி வேன் ஓட்டும் கனகராஜுக்கும் போட்டாள்.

“பேப்பர் முடியற வரைக்கும் பிள்ளைக்குத் தெரியக்கூடாதுண்ணே. ஒங்களக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன்.”

லோஷினி பரீட்சை எழுதிவிட்டு வந்து இறங்கியபோது வாசலில் கூடாரம் போட்டிருந்தார்கள். அப்பாவைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பள்ளிச் சீருடையோடு அப்படியே அவர் காலடியில் போய் உட்கார்ந்தாள். ஒரு பொட்டுக் கண்ணீர் வரவில்லை.

“அப்பன் பொணமாக் கெடக்கான், மகளப் பரீட்சைக்கு அனுப்பியிருக்கா பாரு. இவல்லாம் ஒரு தாயா?” என்று நாத்தனார் எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். கேட்க வேண்டியவள் மட்டும் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, கருமாதி முடிந்த பிறகும் இல்லை. ‘ஏம்மா மறைச்ச?’ என்று மகள் ஒருமுறை கத்தியிருந்தால், யோகேஸ்வரி அவள் மடியில் விழுந்து அழுது தீர்த்திருப்பாள். அவளோ வானொலியைப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். பரீட்சை முடிந்த மற்ற பிள்ளைகளைப் போலவே பேரங்காடியில் காசாளர் வேலைக்கும் போய்வந்தாள்.

ரிசல்ட் வரும்வரை யோகேஸ்வரி பட்ட பாடு சொல்லி மாளாது. செனாய் பக்கத்துத் தொழிற்சாலையில் யார் ஓவர்டைம் வேண்டாம் என்றாலும் அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் துடைத்த அடுப்பையே திரும்பத் துடைத்தாள். போகிற கோயிலில் எல்லாம் வேண்டிக்கொண்டதில், எந்தச் சாமிக்கு எதை நேர்ந்தோம் என்பதே கடைசியில் மறந்துபோனது. கேட்டது மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றுதான். அந்த ஒரு பாடம் தேறிவிட வேண்டும். தேறிவிட்டால், தான் செய்தது சரி. தவறிவிட்டால், கடைசி நேரத்தில் அப்பன் முகத்தையும் பிடுங்கி, சான்றிதழையும் பிடுங்கிய பாவி அவள். வேறு கணக்கு அவளுக்குத் தெரியவில்லை.

ரிசல்ட் அன்று காலை கனகராஜே வேனைக் கொண்டு வந்தார். யோகேஸ்வரி முன்னால் உட்கார்ந்தாள், லோஷினி பின்னால். வழக்கம்போல வேனில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் நெருங்க நெருங்க யோகேஸ்வரி வாய்க்குள்ளேயே சாமி பேர்களை அடுக்கினாள்.

“அண்ணே, பாட்டக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. மனசுக்குள்ள சாமி கும்பிடக்கூட முடியல.”

அவர் நிறுத்தினார். வேன் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னாச்சு?” என்றாள் லோஷினி. குரல் அவளுடையதாகவே இல்லை. “யாருக்கு என்னாச்சு? ராஜம்மா ஆன்ட்டிக்கா? சொல்லும்மா!”

“ஒன்னும் இல்லடி, நான்தான்…”

“அங்கிள், போடுங்க! பாட்டப் போடுங்க!”

கனகராஜ் பதறிப்போய் வேனைச் சாலையோரம் நிறுத்தினார். யோகேஸ்வரி இறங்கிப் பின்னால் போய் மகளைப் பிடித்தாள். பிள்ளை பாட்டுப் பெட்டியை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

“அன்னிக்கும் அங்கிள் பாட்டுப் போடலம்மா,” என்றாள் லோஷினி. “வேன்ல ஏறினதும் தெரிஞ்சு போச்சு.”

யோகேஸ்வரி கனகராஜைப் பார்த்தாள். அவர் ஸ்டீயரிங்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“சாவு வீட்டுப் பிள்ளைய ஏத்திக்கிட்டு எப்படிம்மா பாட்டுப் போடுறது? எனக்குக் கை வரல. நான் வாயத் தொறந்து ஒன்னும் சொல்லலம்மா, சத்தியமா.”

“தெரிஞ்சா போய் எழுதின?” என்று மகளிடம் கேட்டாள்.

“நீ எழுதணும்னுதானே மறைச்ச? அழுதா வேன் திரும்பிரும். நீ பட்டதெல்லாம் வீணாப் போயிரும். அது மட்டும் இல்லம்மா. மணி அடிச்சா வீட்டுக்குப் போகணும். போனா அப்பா செத்துட்டாருன்னு சொல்லிருவாங்க. அதான் எழுதிக்கிட்டே இருந்தேன். எக்ஸ்ட்ரா பேப்பர் கேட்டுக் கேட்டு எழுதினேன். எழுதற வரைக்கும் அப்பா உசுரோட இருந்தாரு.”

துக்கம் பிள்ளையைத் தொடாமல் தடுத்துவிட்டோம் என்று யோகேஸ்வரி இத்தனை மாதம் நினைத்திருந்தாள். தடுக்கவில்லை, அதைப் பிள்ளை தலையில் ஏற்றித் தனியாக அனுப்பியிருக்கிறாள். மகளைக் கட்டிக்கொண்டாள். லோஷினி அசையாமல் இருந்தாள்.

பள்ளி மண்டபத்தில் ரிசல்ட் தாளை வாங்கினார்கள். எல்லாப் பாடமும் தேறியிருந்தது. செஜாராவில் ஏ. “உங்க பிள்ளை கெட்டிக்காரிங்க,” என்றார் வகுப்பாசிரியை. யோகேஸ்வரி எத்தனையோ சாமியிடம் கேட்ட அந்த ஓர் எழுத்து கண்ணெதிரே இருந்தது. அதை முழுசாகப் பார்க்க மனமில்லாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். நன்றி சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

திரும்பும்போது அவளும் பின்னால் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பாட்டைப் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல் கனகராஜ் கண்ணாடி வழியாகப் பார்த்தார்.

“போடுங்கண்ணே,” என்றாள் யோகேஸ்வரி. “சத்தமாவே போடுங்க.”

பாட்டு ஆரம்பித்தது. என்ன பாட்டு என்று யாரும் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் லோஷினி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அப்பா, அப்பா என்று வாய்விட்டு அழுதுகொண்டே வந்தாள்.