வெளுக்காத மஞ்சள்

அம்மா மூக்கைச் சிந்தினால் மஞ்சளாக வரும். குளித்த பிறகும் காது மடலுக்குப் பின்னால் மஞ்சள் ஒட்டியிருக்கும். தலையணை உறையில் மஞ்சள், துணி ஊறவைத்த வாளியில் மஞ்சள் ஏடு. அந்தத் தண்ணீரைக் கொட்டுவது என் வேலை. இன்றும் யாராவது மஞ்சள் சோறு பரிமாறினால் தட்டைத் தள்ளிவைத்துவிடுகிறேன்.

மலேசியாவில், மலாக்காவை அடுத்த மெர்லிமாவ் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் வரிசையில் எங்கள் லயத்து வீடு. நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தபோது, அம்மா பழம் பொறுக்குவதை விட்டுவிட்டு வாளியும் சந்தைக்குக் கொண்டுபோகும் பாசார் கூடையும் செய்யும் பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினார். மூட்டையிலிருந்து சாயப்பொடியை அள்ளி பிளாஸ்டிக் மணிகளோடு கலக்கும் வேலை. ஜன்னல் இல்லாத அறை, முகத்தில் ஒரு துணி. ஆனாலும் வெயில் இல்லை, பாம்பு இல்லை, வேன் லயத்து வாசலுக்கே வரும். மற்றப் பெண்களுக்கெல்லாம் பொறாமை.

அந்தப் பொடி மஞ்சள்தூளைப் போலவே இருந்ததுதான் வினை. அங்கே மேற்பார்வைக்கு இருந்த லைன் லீடர், டவுனைச் சேர்ந்த தமிழர், வேலை முடிந்து வரும் பெண்களைப் பார்த்து, "மஞ்ச பூசிக் குளிச்ச மகாலட்சுமிங்க வராங்க பாரு!" என்பாராம். அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். மாரியம்மன் திருவிழா நெருங்கினால் கீழே சிந்திய பொடியைப் பெண்கள் பொட்டலம் கட்டி எடுத்து வருவார்கள். அரிசி மாவில் கலந்து வாசலில் கோலம் போடுவார்கள். கடை மஞ்சள் வெயிலில் வெளுத்துவிடும். இது வெளுக்காது. கோழிகள் அந்தக் கோலத்தைக் கொத்தித் தின்னும். அந்தக் கோழிகளை நாங்கள் தின்றோம். படிக்கிற பிள்ளை என்று ஈரலை எனக்காகத் தனியாக எடுத்துவைப்பார் அம்மா.

முதலில் போனது அம்மாவின் மோப்பம். உம்பாய்க் கடற்கரையில் வாங்கிய மீனில் வைத்த குழம்பு ஒருநாள் நுரைத்து நாறியது. அம்மா அதையே சூடாக்கித் தட்டில் ஊற்றினார். நான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

"நல்லாத்தானடா இருக்கு? பெரிய ஸ்கூலு போனதும் நாக்கு நீண்டுபோச்சா?"

பிறகு இடுப்பிலும் தொடையிலும் வலி. வாய்வு என்றார்கள், தைலம் தேய்த்தார்கள். அம்மா இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடக்கத் தொடங்கினார். "யாரு வூட்டு கல்யாணத்துக்குக்கா ஆடிக்கிட்டே போறீங்க?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். சிரிக்கும்போது பற்களின் அடியில், ஈறு ஓரமாக, மஞ்சள் கோடு தெரியும்.

நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில் இருந்தபோது ஒரு சாயங்காலம், வேனிலிருந்து இறங்கியதில் அம்மாவின் இடுப்பெலும்பு முறிந்தது. விழவில்லை, இடிபடவில்லை. படியிலிருந்து காலைக் கீழே வைத்தார், அவ்வளவுதான்.

மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டரம்மா அம்மாவின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். என்ன வேலை, என்ன நிறப் பொடி என்று என்னிடம் கேட்டார். ரத்தமும் சிறுநீரும் சோதித்த பிறகு சொன்னார்: காட்மியம். வேதியியல் புத்தகத்தின் அட்டவணையில் மட்டும் நான் பார்த்திருந்த பெயர். மூச்சு வழியாகவும் வாய் வழியாகவும் போய்ச் சிறுநீரகத்தில் தங்கிவிடுமாம். லேசில் வெளியேறாதாம். எலும்புக்கு வேண்டிய சத்தைச் சிறுநீரகம் பிடித்துவைக்க முடியாமல் ஒழுகவிடும், எலும்பு இளகிப்போகும். மறுபடி அந்த அறைக்குள் போனால் மற்ற எலும்புகளும் போகும் என்றார்.

அதைத் தமிழில் அம்மாவுக்குச் சொன்னேன்.

"சும்மா இரு லா. சாமிக்கு முன்னால போட்ட மஞ்சடா அது."

"அது மஞ்சளே இல்லம்மா."

"சரி, இல்ல. வேலைய விட்டுட்டு? நீ யூனிவர்சிட்டி போவ வேணாமா?"

இரண்டு நாள் கழித்து லைன் லீடர் பால்மாவு டின்னோடு வந்தார். வார்டு நாற்றம் தாங்காமல் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மூக்கைப் பொத்த வேண்டிய இடம் எது என்று இவருக்கு நன்றாகத் தெரியும் என்று தோன்றியது. அம்மா வேலை செய்த அறைக்குள் இவர் நுழைந்ததே இல்லை என்று அம்மாவே சொல்லியிருக்கிறார்.

"பால் குடிங்கக்கா. வயசானா எல்லாப் பொம்பளைங்களுக்கும் எலும்பு இப்படித்தான் லா."

அம்மாவுக்கு அப்போதுதான் நாற்பது தாண்டியிருந்தது.

"என் எடம் இருக்குல்ல தம்பி?" என்று அம்மா கேட்டார். படுத்தபடியே கும்பிட்டார்.

"ஆளு போட்டாச்சுக்கா. ஒங்க பக்கத்து வூட்டு ஆளுதான்."

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய மீதி எலும்புகளைக் காப்பாற்றியது நானோ டாக்டரம்மாவோ அல்ல. இடம் காலியாக இல்லை, அதனால் தப்பின.

பக்கத்து வீட்டு அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். "ஒங்கம்மாவுக்கு எலும்பு வீக்கு தம்பி. நான் நல்லா சாப்புடறவ" என்று தொடையைத் தட்டிக் காட்டினார்.

கோயிலில் கொடியேறிய மறுநாள் காலை, அவர் வாசலில் பெரிய கோலம். நடுவில் தாமரை, கண்ணைப் பறிக்கும் மஞ்சள். அவர் சாப்பாட்டுப் பாத்திரம் எடுக்க உள்ளே போன நேரம் ஒரு வாளித் தண்ணீரை அதன்மேல் ஊற்றினேன்.

"டேய்! படிச்சவன் செய்யிற வேலையாடா இது?" என்று கத்திக்கொண்டு வந்தார். அதற்குள் வேன் ஹார்ன் அடித்தது. ஈரத்தை மிதித்துக்கொண்டே ஓடி ஏறினார்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த நடைச்சட்டத்தைப் பிடித்தபடி எங்கள் வாசலில் நின்றிருந்த அம்மா, "நல்ல கலருடா, பாவம்" என்றார்.

சாக்கடை ஓரமாக மஞ்சள் மாவு திட்டுத்திட்டாக ஒதுங்கிக் கிடந்தது. கோழிகள் ஓடிவந்தன. நான் விரட்ட விரட்ட, சுற்றி வந்து கொத்தின.